மேல்தட்டில் ஒன்பது ஜாடிகள்

"அந்த ஜாடியில ஒண்ணுகூடக் கீழ எறங்காது!" என்று முதலாளி முழங்கியபோது, கடையிலிருந்த கண்ணாடித் தம்ளர்கள் ஒருமுறை சிணுங்கி அடங்கின.

முழக்கத்துக்குக் காரணம் அன்று காலை வந்த ஓர் அரசாங்கக் கடிதம். ஐந்து பேருக்கு மேல் வேலை செய்யும் ஒவ்வொரு கடையும் நிலநடுக்கப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை எழுதி அளிக்க வேண்டும். அடுத்த வியாழக்கிழமை அதிகாரி நேரில் வந்து ஒத்திகை பார்ப்பார். அவருக்கு மனநிறைவு ஏற்படாவிட்டால் கடைக்குப் பூட்டு. கடிதத்தோடு ஒரு துண்டுத்தாளும் இணைக்கப்பட்டிருந்தது. கனமான பொருள்களைத் தாழ்ந்த தட்டில் வையுங்கள். உயரமான அலமாரிகளைச் சுவரோடு பிணையுங்கள். தரை அதிரும்போது வெளியே ஓடாமல், உறுதியான மேசைக்கு அடியில் புகுந்து அதன் காலைப் பற்றிக்கொள்ளுங்கள் என்று அது அறிவுறுத்தியது.

அது கண்ணாடிச் சாமான்களும் பீங்கான் பாத்திரங்களும் விற்கும் கடை. பிற கடைக்காரர்கள் கனமானவற்றைக் கீழேயும் இலேசானவற்றை மேலேயும் அடுக்குவார்கள். நம் முதலாளியின் முறை அதற்கு நேர் எதிரானது. "வாங்க வர்றவங்க தலைய நிமிர்த்திப் பாக்கணும். கடைன்னா ஒரு கம்பீரம் வேணும்" என்பது அவர் கொள்கை. அக்கொள்கையின்படி, பன்னிரண்டடி உயர அலமாரியின் மேல்தட்டில், இடுப்பளவு உயரமுள்ள ஒன்பது பீங்கான் ஜாடிகள் படைவீரர்களைப் போல் அணிவகுத்து நின்றன. அவற்றுக்கு நேர் கீழே முதலாளியின் நாற்காலி. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஜாடிகளும் நகரவில்லை, நாற்காலியும் நகரவில்லை, முதலாளியும் நகரவில்லை. கடையில் வேலை செய்த ஏழு பேரும் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'தூண்' என்று பெயர் சூட்டியிருந்தனர். எதையாவது தாங்குவார் என்பதற்காக அன்று.

ஜாடிகள் நகரவில்லை என்பதுகூட முழு உண்மை அன்று. மூன்று வாரங்களுக்கு முன் ஒரு முற்பகலில் தரை பதினொரு விநாடிகள் நடுங்கியது. சுவர்க் கடிகாரம் சாய்ந்தது, ஜாடிகள் இரண்டு விரற்கடை முன்னால் வந்தன. ஒரு டஜன் தேநீர்க் கோப்பைகள் உயிர்நீத்தன. "தெருவுல லாரி போகுது" என்று முதலாளி தீர்ப்பளித்தார். மனைவி வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். தெருவில் ஒரு மிதிவண்டிகூடப் போகவில்லை. அன்று முதல் அவள் கணவரின் தலையையும், அத்தலைக்கு மேலிருந்த ஜாடிகளையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்கினாள். சோறு இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

"என்னங்க, அது ஒவ்வொண்ணும் பதினெட்டுக் கிலோ."

"அதனால?"

"அதுக்கு நேர் கீழ உங்க தலை இருக்கு."

"என் தலை என்ன லேசுப்பட்டதா?"

"இல்லங்க. நல்ல கெட்டியான தலைதான். ஜாடி ஒடஞ்சிடுமேன்னுதான் பாக்கறேன்."

சாமான்களை வைக்கோலில் பொதிந்து சிப்பம் கட்டும் அக்கா அந்த வைக்கோலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். சிரிப்பதற்கு அந்தக் கடையில் அதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை.

"என் தம்பிய வரச் சொல்றேங்க" என்று மனைவி தொடர்ந்தாள். அவளுடைய தம்பி தச்சு வேலை செய்பவன். "இரும்புப் பட்டை நாலு வெச்சு அலமாரிய சுவத்தோட இறுக்கிடுவான். ஜாடியெல்லாம் கீழ்த்தட்டுக்கு மாத்திடலாம். ஒரு மணி நேர வேலை."

"உன் தம்பி என் சுவத்துல ஓட்டை போடுவான். நான் பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்கணும். அப்படித்தானே?"

"வேடிக்கை பாக்க வேணாங்க. வீட்டுக்குப் போயிடுங்க."

"முடியாது! என் கடை! என் அலமாரி! என் தலை!"

மூன்றாவதைத் தவிர மற்ற இரண்டையும் மனைவி மறுக்கவில்லை.

திட்டத்தை எழுதும் வேலை அவளுக்கே வந்தது. கடையில் எழுத்து அழகாயிருந்தது அவளுக்கு மட்டுமே. முதலாளி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோப்பை அடுக்குகளுக்கு நடுவே உலாவியபடி ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார்.

"எழுதிக்கோ. முதலாளி ரெண்டு கால்ல நிக்கற வரைக்கும் இந்தக் கடையில ஓர் ஆணியக்கூட வேற யாரும் அசைக்கக் கூடாது."

"எழுதிட்டேன். நிக்க முடியாமப் போயிட்டா?"

"யாருக்கு?"

"முதலாளிக்கு."

"எனக்கா? நான் ஏன் நிக்க முடியாமப் போறேன்?"

"துண்டுத்தாள்ல கேட்டிருக்காங்க. பொறுப்புல இருக்கறவர் விழுந்துட்டா அடுத்தது யாருன்னு எழுதணுமாம். இல்லேன்னா திட்டம் செல்லாதாம்."

முதலாளி ஒரு சக்கரவர்த்தியின் பெருந்தன்மையோடு கையை அசைத்தார். "உன் பேரையே போட்டுக்கோ. நான் விழுந்துட்டா நீ வெச்சதுதான் சட்டம். கடையையே தூக்கிக் கூரைமேல வெச்சுக்கோ. நான்தான் விழவே மாட்டேனே!"

"கூரையெல்லாம் வேணாங்க. 'சட்டம்'கிற வரைக்கும் எழுதிக்கறேன்."

முதலாளி கையெழுத்திட்டு, அதன் கீழே அழுத்தமாக இரண்டு கோடுகளும் இழுத்தார்.

திட்டத்தை அதிகாரியின் அலுவலகத்தில் சேர்க்க மனைவியே போனாள். கொடுத்துவிட்டு வருவதற்கு அரை மணி நேரம் போதும். அவள் திரும்பி வர இரண்டு மணி நேரமாயிற்று.

"என்ன, கூட்டமா?"

"இல்லங்க. சில சந்தேகம் கேட்டுட்டு வந்தேன்."

முதலாளி அதைக் காதில் வாங்கவில்லை. அவர் தம் சூழ்ச்சியில் மூழ்கியிருந்தார். உண்மையைச் சொன்னால், கையில் கோப்பு வைத்திருக்கும் எந்த மனிதரைக் கண்டாலும் அவருடைய கைகள் தாமாகவே கும்பிடப் போய்விடும். ஆகவே அவர் இப்படித் திட்டமிட்டிருந்தார்: வியாழக்கிழமை விசில் ஊதியதும் மறுபேச்சில்லாமல் மேசைக்கு அடியில் புகுந்துவிடுவது. ஒரு நிமிடம் குனிவதால் ஒன்றும் குறைந்துவிடாது. அதிகாரி மகிழ்ந்து சான்றிதழ் தருவார். ஜாடிகளோ அவர் கண்ணில் படவே கூடாது. அதற்காக, 'பாதுகாப்பே முதன்மை' என்று ஆளுயர எழுத்தில் ஒரு துணிப்பதாகை எழுதுவித்து, புதன்கிழமை மாலை தாமே ஏணியில் ஏறி, ஒன்பது ஜாடிகளையும் மறைத்துக் கட்டினார். கயிற்றைக் கட்ட ஆணி அகப்படவில்லை. இரண்டு ஓரங்களிலும் இருந்த ஜாடிகளின் கழுத்திலேயே சுற்றி, இழுத்து முடிச்சுப் போட்டார்.

வியாழக்கிழமை காலை. அதிகாரி வரக் கால்மணி நேரம் இருந்தது.

"அக்கா, மேசைக்கு அடியில நல்லாப் பெருக்கி வைங்க" என்றாள் மனைவி, கடை முழுவதும் கேட்கும்படி. "ஐயாதான் மொத ஆளா உள்ள போவாரு."

"நம்ம ஐயாவா?" என்றார் சிப்பம் கட்டும் அக்கா.

"அவரு வேகம் உங்களுக்குத் தெரியாது. பல்லி விழுந்தாலே கட்டில்மேல ஏறுறவரு. விசில் ஊதட்டும், பாருங்க. உங்களையெல்லாம் மிதிச்சுட்டுப் போவாரு."

ஏழு பேரும் ஒருசேரச் சிரித்தனர். வைக்கோலைத் தேடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. முதலாளியின் காதுமடல்கள் சிவந்தன.

"நான் எங்கயும் போக மாட்டேன்! நிப்பேன்!"

"பேச்சுக்குச் சொல்றீங்க."

"பேச்சா? இதோ, இந்த எடத்துல நிப்பேன்! பூமியே பொளந்தாலும் நிப்பேன்!"

"பாக்கலாங்க" என்று சொல்லிவிட்டு, அவள் தட்டுகளைத் துடைக்கப் போய்விட்டாள்.

குனிவது என்று மூன்று நாள் யோசித்து முடிவெடுத்திருந்த மனிதர், அரை நிமிடத்தில் நிமிர்ந்துவிட்டார்.

அதிகாரி வந்தார். ஒல்லியான உருவம், கழுத்தில் விசில், அவசரமே அறியாத குரல். அவருக்குப் பின்னாலேயே மைத்துனனும் வந்து சேர்ந்தான்.

"நீ எதுக்குடா வந்தே?"

"சும்மா ஒத்திகை பாக்கலாம்னு வந்தேன் மாமா."

"ஒத்திகை பாக்க வர்றவனுக்குத் துளை போடற மிஷின் எதுக்கு?"

"வழியில வெச்சிட்டு வர எடமில்ல மாமா."

மேற்கொண்டு விசாரிப்பதற்குள் விசில் ஒலித்தது. ஏழு பேரும் சிப்பம் கட்டும் பெரிய மேசைக்கு அடியில் புகுந்து, கைக்குக் கிடைத்த மேசைக்காலைப் பற்றிக்கொண்டனர். கால் கிடைக்காத ஒருவர் அக்காவின் காலைப் பற்றி உதை வாங்கினார். மைத்துனனும் மனைவியும் கல்லாமேசைக்குக் கீழே ஒடுங்கினர். முதலாளி மட்டும் பதாகையின் கீழே, மார்பின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு, சிலைபோல் நின்றார். அறுபது விநாடிகள். வாழ்வில் அவ்வளவு உயரமாக அவர் என்றுமே நின்றதில்லை.

அதிகாரி நிதானமாக நடந்து வந்து, பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து, அவர் கழுத்தில் மாட்டினார். 'நினைவிழந்தவர்' என்று அதில் எழுதியிருந்தது.

"என்ன சார் இது?"

"அலமாரி விழுந்துடுச்சுங்க. நீங்க அடியில இருக்கீங்க. படுங்க."

"அலமாரி நிக்குதே சார்!"

"ஒத்திகைல விழுந்துடுச்சு. சுவத்தோட கட்டாத அலமாரிக்குக் கீழ நின்னா செவப்பு அட்டை. அதுதான் விதி."

"நான் பயப்படாம நின்னேன் சார்! நிமிந்து நின்னேன்!"

"அலமாரிக்கு அது தெரியாதுங்களே."

முதலாளி படுத்தார். படுக்காவிட்டால் பூட்டு. சிப்பம் கட்டும் அக்கா முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்து, கண்ணாடி விளக்குக்கு வைக்கோல் சுற்றும் அதே கைத்திறனோடு அவர் தலையில் துணி சுற்றலானார்.

"அக்கா, எனக்கு ஒண்ணும் ஆகல!"

"நினைவு தப்பினவங்க பேசக் கூடாதுங்க ஐயா."

"வாயில ஏன் சுத்தறே? அடிபட்டது தலையிலதானே?"

"அடிபட்டது தலையிலதாங்க. சத்தம் வாயிலேர்ந்துல்ல வருது."

அதிகாரி திட்டத்தைப் பிரித்து உரக்க வாசித்தார். "முதலாளி விழுந்துட்டார். அடுத்த பொறுப்பு யாரு?"

மனைவி கல்லாமேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கைகளைத் தட்டிக்கொண்டாள். அடுத்த நொடியிலிருந்து கடை கடையாக இல்லை, படைமுகாமாயிற்று. ஆளெண்ணி முடித்தாள். தேநீர் அடுப்பின் எரிவாயுவை மூடச் செய்தாள். வழியில் கிடந்த பெட்டிகளை ஒதுக்கச் செய்தாள்.

"மறுபடியும் ஆடலாம். அதுக்குள்ள மேல இருக்கற கனமெல்லாம் கீழ வரணும். தம்பி, ஏணிய எடு!"

கட்டுக்குள்ளிருந்து ஓர் உறுமல் எழுந்தது.

"வலியில மொனகறாரு" என்று அதிகாரி குறித்துக்கொண்டார்.

முதலாளி மேலே நோக்கினார். இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்த அலமாரியை அவர் அண்ணாந்து பார்த்ததே இல்லை. மேல்பலகை வில்லாக வளைந்திருந்தது. ஓரத்து ஜாடியின் அடிப்பாகம் ஏறக்குறையப் பாதி பலகையைத் தாண்டி வெளியே தொங்கியது. அவர் இழுத்துக் கட்டிய கயிறு அதன் கழுத்தைப் பிடித்து முன்னுக்குச் சாய்த்திருந்தது. மைத்துனனோ ஏணியில் பாதி ஏறி, பதாகையை இழுத்து அகற்றக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

கத்த வேண்டும் என்று முதலாளி நினைத்தார். வாயில் நான்கு சுற்றுத் துணி. எழ வேண்டும் என்று நினைத்தார். கால்கள் அவரோடு உறவை முறித்துக்கொண்டிருந்தன. மூச்சு விடவும் மறந்துபோனார்.

"தொடாதடா!" மனைவியின் குரல் கீறிக்கொண்டு வந்தது. "கயிறு ஜாடியில கட்டியிருக்கு! கையை எடு! மொதல்ல இவர வெளிய இழுங்க!"

சொல்லிவிட்டுக் காத்திருக்கவில்லை, அவளே வந்து அவருடைய அக்குள்களில் கைகொடுத்து, வாசல்பக்கம் வரை தரதரவென்று இழுத்தாள். வாசலை அடைந்த பிறகும் அவள் பிடியை விடவில்லை. அந்தப் பிடி ஒத்திகையில் சேர்ந்ததன்று.

ஒரு மணி நேரத்தில் ஒன்பது ஜாடிகளும் முடிச்சவிழ்ந்து கீழ்த்தட்டில் அமர்ந்தன. அலமாரியை நான்கு இரும்புப் பட்டைகள் சுவரோடு பிணைத்தன. ஒத்திகை முடிந்ததாக விசில் மீண்டும் ஒலித்தது. முதலாளி கட்டைப் பிய்த்தெறிந்து எழுந்தார். கால் தரையில் பட்டதும் வீரம் திரும்பிவிட்டது.

"முடிஞ்சுதா? இப்ப நான் ரெண்டு கால்ல நிக்கறேன்! எல்லா ஜாடியும் மேல போகட்டும்!"

"போகலாங்க" என்றார் அதிகாரி, சான்றிதழில் முத்திரை இட்டபடி. "ஆனா கடை இப்ப எப்படி இருக்கோ, அப்படியே இருந்தாத்தான் இது செல்லும்."

முதலாளி முத்திரையைப் பார்த்தார், மேல்தட்டைப் பார்த்தார். "சட்டத்துக்குக் கட்டுப்படறேன்" என்று அறிவித்தார். "வேற யாருக்கும் இல்ல!"

"அப்படியே ஆகட்டுங்க" என்றாள் மனைவி.

அவளை ஓரமாக அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அன்னிக்கு ரெண்டு மணி நேரம் அங்க என்ன சந்தேகம் கேட்டே?"

"நின்னா என்ன ஆகும், குனிஞ்சா என்ன ஆகும்னு கேட்டேங்க. நின்னா செவப்பு அட்டை, குனிஞ்சுட்டா அவருக்கு ஒண்ணுமே ஆகாதும்மான்னு சொன்னாங்க. எனக்கு ஒரே கவலையாப் போச்சு."

அதற்குள் அதிகாரி குறுக்கிட்டார்.

"அடுத்த வாரம் தெரு முழுக்க ஒத்திகை. உங்க வீட்டம்மா நடத்தித் தர்றதா ஒத்துக்கிட்டாங்க. நீங்களும் கட்டாயம் வரணும். நீங்க இல்லாம முடியாது."

முதலாளியின் மார்பு விரிந்தது. கடைசியில் நிமிர்ந்து நின்றதன் அருமையை உணர்ந்த ஒருவர் அரசாங்கத்தில் இருக்கத்தான் செய்கிறார்! தலைமுடியில் ஒட்டியிருந்த கட்டுத்துணியின் நூலைத் தட்டிவிட்டு, மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தலைமை தாங்கவா சார்?"

"படுக்கத்தாங்க. பதினாலு கடையில ஒத்திகை நடத்திட்டேன்; மூச்சுகூட விடாம இவ்வளவு அருமையாப் படுத்தவர் நீங்க ஒருத்தர்தான்."