இருமினால் மாட்டும் மெஷின்

"மிஸ், மறுபடியும் மாட்டிக்கிச்சு!" என்று ஐவி கூப்பிட்டாள்.

பெற்றீசியா எழுந்து போய்ப் பார்த்தாள். ஐவியின் திரையில் எழுத்துகள் உறைந்து நின்றன. எதிர் மேசையில் டக்ளஸின் திரையும் அப்படியே. இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தார்கள்.

எண்பத்தெட்டாம் ஆண்டு. ஹட்டனில் அரசாங்கத் தேயிலைத் தோட்டக் கூட்டுத்தாபனத்தின் ஆபீஸ் ஒன்றுக்கு அப்போதுதான் கம்பியூட்டர் வந்திருந்தது. தோட்டங்களிலிருந்து வரும் கொழுந்து நிறையைப் பதிவது டக்ளஸின் வேலை. தொழிலாளர் பெயர்களைத் திருத்துவது ஐவியின் வேலை. அதற்கான புரோகிராமை எழுதியவள் பெற்றீசியா. டயகம தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கொழும்பில் படித்துவிட்டு வந்தவள்.

மேனேஜர் செபஸ்தியாம்பிள்ளை அறையிலிருந்து வெளியே வந்தார்.

"என்னம்மா, தினமும் இதே கதையா? மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணல, மெஷினைக் கொழும்புக்கே அனுப்பிருவேன். கூடவே நீங்களும் போகலாம்!"

கோளாறு என்னவென்று அவளுக்குத் தெரியும். ஒருவர் எழுதும்போது மற்றவர் கைவைக்காமலிருக்க, புரோகிராமில் பெயர்களுக்கு ஒரு பூட்டும் நிறைக்கு ஒரு பூட்டும் வைத்திருந்தாள். எதைப் பதியவும் இரண்டு பூட்டும் கையில் வேண்டும். டக்ளஸ் நிறையைப் பூட்டிக்கொண்டு பெயருக்குக் காத்திருப்பான். ஐவி பெயரைப் பூட்டிக்கொண்டு நிறைக்குக் காத்திருப்பாள். ஆனால் இருவரும் ஒரே நொடியில் தட்டினால்தான் அப்படி ஆகும். எப்போதாவது நடக்க வேண்டியது, ஹட்டனில் மட்டும் தினமும் நடந்தது.

காத்திருப்பவர் சற்று நேரத்தில் பூட்டை விட்டுவிட வேண்டும் என்று மாற்றினாள். இருவரும் ஒன்றாக விட்டு, ஒன்றாகப் பூட்டி, மறுபடி ஒன்றாக விட்டார்கள். முன்பு சத்தமில்லாமல் நின்ற மெஷின் இப்போது கீங் கீங் என்று கத்திக்கொண்டு நின்றது.

இரண்டுக்கும் ஒரே பூட்டாகப் போட்டாள். ஒருவர் தட்டி முடிக்கும்வரை மற்றவர் வேடிக்கை பார்த்தார்.

"ரெண்டு பேர் வந்து ஒரு ஆள் வேலை நடக்குது!" என்று மேனேஜர் கத்தினார்.

கடைசியில் புரோகிராம் முழுவதையும் தாளில் அச்செடுத்து மேசைமேல் பரப்பினாள். தேத்தண்ணி கொண்டுவந்த செல்லசாமிக்குக் கோப்பையை வைக்க இடமில்லை.

"என்னங்க மிஸ், இம்புட்டு எழுதுறீங்க?"

"ஒவ்வொரு பகுதிக்கு மேலயும், எந்தப் பூட்டு கையில இருந்தா உள்ள போகலாம், எதை முதல்ல பூட்டணும்னு குறிப்பு எழுதுறேன் அண்ணே. மெஷினை ஓட்டாமலே, எழுதினதை மட்டும் வாசிச்சு, குறிப்பை எங்க மீறியிருக்குன்னு காட்ட இன்னொரு புரோகிராமும் செஞ்சிட்டேன்."

"அதுக்கு எல்லாம் தெரிஞ்சிருமாங்க?" செல்லசாமியின் முகம் வாடியது.

"பூட்டு சம்பந்தமா ஒண்ணும் தப்பாது."

முதல்முறை ஓடவிட்டபோது அது கக்கிய பிழைத்தாள் மேசையிலிருந்து தரைக்கு இறங்கியது. அதில் பாதி, பெற்றீசியா தலைகீழாக எழுதிய குறிப்புகள். திருத்தினாள். மறுபடி திட்டியது. மறுபடி திருத்தினாள். ஒருநாள் காலை, 'பிழை இல்லை' என்று ஒற்றை வரி வந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன்பிறகு மெஷின் மாட்டவேயில்லை. அந்தி வரை இழுக்கும் வேலை மத்தியானத்துக்குள் முடிந்தது. மேனேஜர் பூரித்துப் போனார்.

"சபாஷ் பிள்ளை! நீங்க இங்கயே இருங்க. இந்த வேகத்துக்கு ரெண்டு ஆள் எதுக்கு? டக்ளஸ் திங்கட்கிழமை அக்கரப்பத்தனை ஆபீசுக்குப் போகட்டும்."

அவர் அறைக்குள் போனதும் ஐவி மேசையில் தலையைக் கவிழ்த்து விம்மத் தொடங்கினாள். டக்ளஸ் ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் ஐவி அழுவுறீங்க? இனி மெஷின் மாட்டவே மாட்டாது!" என்றாள் பெற்றீசியா.

ஐவி இன்னும் பலமாக அழுதாள்.

செல்லசாமி தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"மெஷின் ஓடுறப்ப பேசக்கூடாதுன்னு ஐயா சட்டம் போட்டாருங்க மிஸ், அதான் இந்தப் புள்ள இருமுன உடனே ரெண்டு பேரும் ஒண்ணாத் தட்டி அதை மாட்டிவிட்டுப் பேசிக்குவாங்க, கல்யாணத்துக்கு நாள் மட்டுந்தான் குறிக்கப் பாக்கி, அதுக்குள்ள நீங்க சரி பண்ணிட்டீங்களே!"