டிலே அண்ணை எழுதிக்கொடுத்த நேரம்

கொழும்பிலிருந்து திருச்சிக்குப் போகும் மலிவு விமானம் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கடவுள். அடுத்தவர் அந்த விமானத்தை ஓட்டுபவர். மூன்றாமவர் கொட்டாஞ்சேனை டிலே அண்ணை. ஓட்டுபவருக்குச் சில நாட்களில் தெரியாது.

அவருடைய சொந்தப் பெயர் கடையின் பதிவுப் பத்திரத்தில் இருந்தது. அந்தப் பத்திரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது. அதன் கீழேதான் நான் படுத்து எழும்பினேன். ஒரு நாளும் வாசித்துப் பார்த்ததில்லை.

கடை ஒரு கதவு அகலம். டிக்கெட் போடுவது, போட்டோக்கொப்பி எடுப்பது, இந்திய விசாவுக்குப் படிவம் நிரப்புவது, பயணிகளை வேனில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஏற்றிப்போவது என்று நாலு தொழில் அதற்குள் நடந்தது. கோயில், வைத்தியம், கல்யாணம் என்று இந்தியா போகிற சனம் வரும். பெரிய கம்பனி விமானத்தில் ஏற வசதியில்லாத சனம். மலிவுக் கம்பனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அது இன்னும் பறந்துகொண்டிருக்கிறது, தனக்கு வசதிப்பட்ட நேரங்களில்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மட்டக்குளியில் மீன் பெட்டி தூக்கினேன். வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். கடையைப் பூட்டினார்கள். நாடே டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், யாரோ ஒருவருடைய வேனுக்குள் மூன்று நாள் இருந்து டீசல் அடித்துக் கொடுத்தேன். அந்த யாரோ ஒருவர் டிலே அண்ணை. “மூண்டு நாள் பேசாமல் இருந்தவன் நீ. எங்கட தொழிலுக்குத் தோதான ஆள்,” என்று என்னைச் சாரதியாக வைத்துக்கொண்டார்.

அண்ணையின் வித்தை இதுதான். பின்னேரம் எங்களிடம் வரும் விமானம் காலையில் வேறு இரண்டு ஊர்களுக்குப் போய்விட்டுத்தான் வரும். அங்கே எங்காவது சுணங்கினால் இங்கேயும் சுணக்கம், அதாவது டிலே. அண்ணை விடிந்ததும் போனை எடுத்து, அதில் ஊரும் சின்ன மஞ்சள் விமானத்தைப் பார்க்கத் தொடங்குவார். அவருக்கு அது இயந்திரமில்லை. “எங்கட ஆள்” என்றுதான் சொல்லுவார்.

“எங்கட ஆள் இன்னும் எழும்பேல்லை.”

“ஆள் இப்ப மாலைதீவில. அங்க மழை. வெளிக்கிட மனமில்லாமல் நிக்கிறார்.”

“இண்டைக்கு ஆளுக்கு வயித்துக்குள்ள ஏதோ. எஞ்சினைக் கழட்டிப் பார்க்கினமாம்.”

பத்து மணிக்குக் கணக்கு முடியும். பயணியின் டிக்கெட்டை வாங்கி, அச்சடித்த நேரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குக் கீழே பென்சிலால் இன்னொரு நேரம் எழுதுவார். “மேல கிடக்கிறது அவையின்ர நேரம். கீழ கிடக்கிறது என்ர நேரம். என்ர நேரத்துக்குத்தான் வேன் வெளிக்கிடும்.” அதே நேரத்தைக் கடை வாசலில் ஒரு வெள்ளைப் பலகையிலும் எழுதி வைப்பார். வாழ்நாளில் விமானம் ஏறும் எண்ணமே இல்லாத முன்வீட்டு மரியா அக்காகூட அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் உலை வைப்பாள். ஒரு வருடத்தில் அவர் பத்து நிமிடத்துக்கு மேல் தவறியதை நான் கண்டதில்லை.

சாப்பாடும் அவர் கணக்குப்படிதான். இரண்டு மணித்தியாலம் சுணங்கினால் ஆளுக்கு ஒரு மாலுபாண், மீன் வைத்த பாண். மூன்றைத் தாண்டினால் சோற்றுப் பார்சல். ஐந்துக்கு மேல் என்றால் பாய் ஒன்றைச் சுருட்டி வேனில் போடச் சொல்லுவார்.

வெள்ளவத்தையில் இருந்து ஒரு சட்டத்தரணி வந்தார். பென்சிலால் எழுதிய நேரத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அச்சடித்த நேரத்துக்கே தன் காரில் போய்விட்டார். நாலு மணிபோல் விமான நிலையத்தில் இருந்து போன் வந்தது.

“அண்ணை, உங்கட நேரம் என்னெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ.”

“இப்ப ஏன் கேக்கிறியள்? நீங்கள் படிச்ச ஆக்கள்.”

“பகிடி விடாதேங்கோ அண்ணை. இஞ்ச கேட்டால், பொட்டக் இன்ன, பொட்டக் இன்ன எண்டுதான் சொல்லினம்.”

கொஞ்சம் பொறுங்கள் என்று சிங்களத்தில் சொல்லும் இந்த வார்த்தைதான் அந்தக் கம்பனியின் முழு நிர்வாகமும். விமானம் சுணங்கினாலும் ரத்தானாலும் பெட்டி தொலைந்தாலும் அதே பதில்.

இவ்வளவு விமானம் பற்றித் தெரிந்த மனிதர் ஒரு தடவையும் அதில் ஏறியதில்லை. ஏன் என்று கேட்டேன். “அவன்ர குணம் தெரிஞ்சும் ஏறச் சொல்லுறியோ?” என்றார்.

பூமணி அக்காவின் நாள் வந்தது.

அக்கா மட்டக்குளித் தொடர்மாடியில் இருந்தவள். ஆடைத் தொழிற்சாலையில் வேலை. ஒரே மகனுக்கு மறுநாள் காலை ஆறரைக்குத் திருச்சியில் கல்யாணம். பெண் வீட்டார் சண்டைக் காலத்தில் படகேறிப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள். மகன் ஒரு கிழமைக்கு முன்னமே போய்விட்டான். அக்கா பின்தங்கியதற்குக் காரணம் தாலிக்கொடி. எங்கள் வழக்கப்படி அது மாப்பிள்ளை வீட்டார் கொண்டுபோக வேண்டியது. செட்டியார் தெருவில் செய்யக் கொடுத்தது முதல் நாள் மாலைதான் கைக்கு வந்திருந்தது. அதைத் துணிப் பைக்குள் வைத்துத் தைத்து, சேலைக்குள் இடுப்பில் கட்டியிருந்தாள். ஒரு கை எந்த நேரமும் அங்கேயே இருந்தது.

“என்னக்கா, இடுப்பில நோவோ?” என்று கேட்டேன்.

“ஓம் தம்பி. அஞ்சு பவுண் நோ.”

அன்று அந்தக் கம்பனியின் திருச்சிக் காலை விமானம் ரத்து. அண்ணை அதை ஆறு மணிக்கே கண்டுபிடித்து, தேத்தண்ணி குடித்தபடி அறிவித்தார். பின்னேர விமானத்துக்கு டிக்கெட்டில் இருந்த நேரம் ஒன்று ஐம்பது. அண்ணை ஐந்து இருபது என்று எழுதினார். அக்கா ஒருத்திதான் அன்றைக்குப் பயணி. சோற்றுப் பார்சலோடு ஒரு மணிக்கு வெளிக்கிட்டு, இரண்டு மணிக்கு முன் போய்ச் சேர்ந்தோம்.

அனுமதிச் சீட்டு வாங்கி, பெட்டியைத் தள்ளிக்கொண்டு நானும் உள்ளே போனேன். கம்பனியின் கவுண்டரில் ஒரு சிங்களப் பிள்ளை இருந்தாள். டிக்கெட்டைப் பார்த்தாள். பொட்டக் இன்ன என்று அவள் சொல்லவில்லை.

“அய்யே, கவுண்டர் குளோஸ்,” என்றாள். அய்யே என்றால் சிங்களத்தில் அண்ணை.

நடந்தது இதுதான். காலை விமானத்தில் போக வேண்டியவர்கள் அதிகாலையில் இருந்து அங்கே நின்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சமாளிக்க, கம்பனி அன்றைக்கு மட்டும் கவுண்டரை டிக்கெட் நேரத்தின்படி பூட்டி, வராதவர்களுடைய இருக்கைகளை அவர்களுக்குக் கொடுத்துவிட்டது. அண்ணை விமானத்தைக் கணக்குப் பார்த்தார். இடம் கிடைக்காமல் நின்ற மனிதர்களைக் கணக்குப் பார்க்கவில்லை.

அக்கா பெட்டியின் மேல் இருந்தாள்.

“தம்பி, பிளேன் போயிட்டுதோ?”

“இல்லையக்கா. பிளேன் இன்னும் வரேல்லை.”

“அப்ப நான் எப்பிடி அதை விட்டனான்?”

மற்றக் கம்பனிகளின் கவுண்டர்களில் விசாரித்தேன். அன்று திருச்சிக்கு வேறு விமானத்தில் இடமும் இல்லை. அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

விமான நிலையப் பக்கம் போகும் நீர்கொழும்பு பஸ்ஸைப் பிடித்து மூன்றரைக்கு வந்தார். காலில் கடையில் போடும் செருப்பு. வந்ததும் நேரே கவுண்டருக்குப் போய், போனை அந்தப் பிள்ளைக்குக் காட்டினார். “இஞ்ச பாருங்கோ மிஸ், ஆள் இப்பதான் மாலைதீவில இருந்து எழும்புறார். நான் எழுதின நேரம் சரிதானே?”

அவள் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். “பிளேன் லேட் அய்யே. கவுண்டர் லேட் இல்லை.”

அண்ணை திரும்பி அக்காவைப் பார்த்தார். அவள் அழவில்லை. இடுப்பில் வைத்த கையை எடுக்கவுமில்லை.

கம்பனி மேசையைச் சுற்றி நாற்பது ஐம்பது பேர் இன்னும் நின்றார்கள். இருக்கை கிடைத்தவர்களும் உள்ளே போய் என்ன செய்வது என்று அங்கேயே நின்றார்கள். அண்ணை அவர்களுக்கு முன்னால் போய் நின்றார்.

“நான் கொட்டாஞ்சேனையில டிக்கெட் போடுறனான். இந்தத் தங்கச்சிக்கு நேரம் எழுதிக் குடுத்தது நான். பிழை என்ர. விடிஞ்சால் மகனுக்குக் கல்யாணம். தாலிக்கொடி இவவிட்டக் கிடக்கு. ஆராவது ஒரு சீட் தாருங்கோ.”

பிழை என்ற சொல் அவர் வாயில் இருந்து வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“டிக்கெட் போடுற ஆளோ நீர்?” என்றார் பின்னால் நின்ற ஒருவர். “அப்ப எங்கட காலமைப் பிளேனுக்கு என்ன பதில்?”

அவ்வளவுதான். பத்து மணித்தியாலமாக ஏசுவதற்கு ஒரு மனிதமுகம் கிடைக்காமல் நின்ற கூட்டம் அது. ஒவ்வொருவராக வந்து ஏசினார்கள். தண்ணீர் தரவில்லை என்றார்கள். போன வருடம் பெட்டியை உடைத்தது என்றார்கள். ஒரு அம்மா, விமானத்துக்குள் கொடுத்த உப்புமாவில் உப்பில்லை என்றாள். அண்ணை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். “ஓம். ஓமம்மா, அதுவும் பிழைதான்.” அந்தக் கம்பனியின் சார்பில் யாராவது மன்னிப்புக் கேட்டது அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும். கேட்டவர் கம்பனிக்காரர் இல்லை என்பது வேறு விடயம்.

ஏசி ஓய்ந்த பிறகு, வெள்ளவத்தையில் சேலைக்கடை வைத்திருக்கும் ஒருவர் முன்னுக்கு வந்தார். கையில் ஒரு சின்னப் பை மட்டும். சேலைக்காரர்கள் போகும்போது வெறுங்கையோடு போய், வரும்போது நாலு பெட்டியோடு வருவார்கள். அவருக்கு இருக்கை கிடைத்திருந்தது.

“நான் இதைக் குடுத்தால், நாளைக் காலமைப் பிளேன் போகுமோ?” என்று கேட்டார்.

அண்ணை போனை எடுத்தார். பார்த்தார். திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்தார். போகும் என்று ஒரு சொல் சொன்னால் காரியம் முடிந்தது.

“தெரியாது,” என்றார்.

“விடிய இருந்து இஞ்ச உண்மை சொன்ன முதல் ஆள் நீர்தான்,” என்று சேலைக்காரர் சட்டைப் பையில் இருந்த சீட்டை எடுத்து நீட்டினார்.

கவுண்டர்ப் பிள்ளை இரண்டு பக்கமும் பார்த்தாள். “பொட்டக் இன்ன அய்யே,” என்று சொல்லிவிட்டுத் தட்டச்சுப் பண்ணத் தொடங்கினாள்.

விமானம் ஐந்து இருபதுக்கு எழும்பியது. திரும்பும்போது வேனுக்குள் சேலைக்காரர் அக்காவின் சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுக்கொண்டு வந்தார்.

மறுநாள் ஏழு மணிக்கு அக்காவின் போன் வந்தது. பின்னால் மேளச் சத்தம். “அண்ணை, கட்டியாச்சு,” என்றாள். “நல்லது தங்கச்சி,” என்று அண்ணை போனை வைத்தார். பிறகு வாசலுக்குப் போய்ப் பலகையைக் கழற்றி உள்ளே கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அவர் ஒருவருக்கும் நேரம் எழுதிக் கொடுக்கவில்லை. சனம் அச்சடித்த நேரத்துக்குப் போய், காத்திருந்து, ஏசிவிட்டு ஏறியது. மரியா அக்கா தன் பாட்டில் உலை வைத்தாள்.

சில மாதம் கழித்துக் கட்டாரில் எனக்கு ஒரு வேலை சரிவந்தது. பெரிய கம்பனி விமானம். அண்ணையிடம் டிக்கெட் போடச் சொன்னேன். அவர் போனைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உந்தப் பிளேன் இப்ப சரியில்லை,” என்றார் முகத்தைத் தூக்காமல். “சுணங்கும். கொஞ்ச நாள் பொறு.”

அந்த விமானம் சுணங்கியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ஒரு இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் நின்ற பழக்கமும் எனக்கு இல்லை. ஓம் அண்ணை என்று சொல்லிவிட்டு, வேனைக் கழுவப் போனேன்.