முந்திரி துறந்த படலம்

கேளீர், தாம்பரத்துத் தண்டவாளங்களுக்கு மேற்கே வாழும் பெருமக்களே! கரும்பலகைக் களத்தில் காலமெல்லாம் சாக்பீஸ் வேல் ஏந்தியவனும், ஏழாம் வகுப்பின் அறுபத்திரண்டு வாய்களை ஒற்றைச் செருமலால் அடைத்தவனும், பின்னங்களை ஏவிப் பிள்ளைகளைக் கதறவைத்தவனும், ஆயினும் தன் வீட்டுச் சமையலறையில் தண்ணீர்க்குடம் இருக்கும் திசையன்றி வேறு திசை அறியாதவனுமாகிய கணக்கு வாத்தியார் வில்பிரட் வாழ்க! அவன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் ஆண்டு, ஆடி மாதச் சனிக்கிழமையொன்றில் வெண்பொங்கல் வைத்த வரலாற்றைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள், விஷயம் பெரிது.

போருக்குக் காரணம் ஒரு பெண். காவியங்களில் அது வழக்கம்தானே. ஆனால் இவளுக்கு வயது ஆறு, பெயர் மெட்டில்டா, வில்பிரட்டின் ஒரே மகள். மூன்று நாள் காய்ச்சலில் சுருண்டு, ஊட்டியதையெல்லாம் துப்பியவள், அன்று காலை காய்ச்சல் விட்டதும் கண்ணைத் திறந்து, "அப்பா, பொங்கல் வேணும்" என்று திருவாய் மலர்ந்தாள். தாய் ரத்தினபாய் ஆஸ்பத்திரி நர்ஸ். காலை டியூட்டிக்குப் போகுமுன் அவள் வைத்த கஞ்சியைக் குழந்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. இப்போது கேட்டதைக் கொடுக்காவிட்டால் மறுபடி வாயை மூடிக்கொள்வாள் என்று வில்பிரட் அஞ்சினான்.

அவ்வேளை, நான்கு போர்ஷன்களை ஒட்டவைத்த அந்த வரிசை வீட்டில், நடுச்சுவரின் வென்டிலேட்டர் வழியே எழுந்தது ஒரு கம்பீரக் குரல். நெய்யை மழையாய்ச் சொரியும் கையினள், முந்திரிக்குலப் பேரரசி, பக்கத்துப் போர்ஷன் கனகவல்லியின் குரல் அது.

"பாப்பா பொங்கல் கேக்குதா சார்? ஒரு கை முந்திரி வறுத்துக் கொட்டி நான் வெச்சித் தரேன்!"

"ஐயோ அக்கா, பாப்பாவுக்கு முந்திரி ஆகாது."

"பொறுக்கிட்டுக் குடுத்தா போச்சு!"

"அது வறுபட்ட நெய்கூட ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு அக்கா."

"இன்னா சார் பேஜாரா கீது! முந்திரி இல்லாத பொங்கலை அடுத்த வூட்டுக்கு எப்படிக் குடுக்கறது? என் மானம் இன்னாத்துக்கு ஆவறது?"

அவளைக் குறை சொல்வதற்கில்லை. அந்த வரிசையில் முந்திரி இல்லாத பொங்கலைக் கொடுத்தனுப்புவது, வாசல்வரை வந்தவரை உட்காரச் சொல்லாததற்குச் சமம். ஆனால் வில்பிரட்டின் நெஞ்சில் வேறொரு காட்சி நின்றது. இரண்டு வருஷத்துக்கு முன் படப்பைக் கல்யாணமொன்றில், கேசரியிலிருந்த ஒரே ஒரு முந்திரியால் குழந்தையின் உதடு வீங்கி, கண் மூடி, மூச்சு இழுக்க, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினான்.

கையை இடுப்பில் ஊன்றி வில்பிரட் முழங்கினான்: "இப்பொங்கலை நானே வைப்பேன்! முந்திரியின் நிழலும் இதில் விழாது!"

சுவருக்கு அப்பாலிருந்து, "வைங்க சார், வைங்க. கேட்டதும் எனக்கே நாக்கு ஊறுது, எங்கூட்டுக்கு நானும் வெக்கிறேன்" என்று பதில் முரசு அறைந்தது. இரண்டு அடுப்புகளும் ஒரே நேரத்தில் மூண்டன.

ரத்தினபாய் எப்போதோ எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாளே அவனுக்கு வேதம். ஒரு டம்ளர் பச்சரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு. பருப்பை வாசனை வரும்வரை வறு. ஐந்து டம்ளர் தண்ணீர், இஞ்சி, உப்பு. ஐந்து விசில். வில்பிரட் பருப்பை வறுத்தான், அரிசியைக் களைந்தான், டம்ளரைக் கண்மட்டத்துக்கு உயர்த்தித் தண்ணீரை அளந்தான், குக்கரின் வாயைக் கோட்டைக்கதவென அறைந்து சாத்தினான். பிறகு முன்னறைக்குப் போய், மகள் ஒரு கைவிரலைப் பிடித்துக்கொள்ள, மறுகையில் விசில் எண்ணலானான்.

ஒன்று! இரண்டு! சங்கநாதமென முழங்கின விசில்கள். மூன்று! நான்கு! வாத்தியாரின் மார்பு விம்மியது. ஐந்து! பாய்ந்து சென்று அடுப்பை அணைத்தான், சற்றுப் பொறுத்துக் குக்கரின் கதவைத் திறந்தான். உள்ளே வெள்ளைக் குளத்தின் அடியில் அரிசி அரிசியாகவே கிடந்தது.

ஐயகோ! அந்த வரிசையில் திரியும் பூனைக்குக்கூட எந்த விசில் எந்த வீட்டுடையது என்று தெரியும். கனகவல்லியின் குக்கர் சீறும், கடைசி வீட்டு ஞானசௌந்தரியின் குக்கர் இருமும். இது எதுவும் அறியாத கணித மேதை, அடுத்த வீட்டுப் பொங்கலுக்கு விசில் எண்ணியிருந்தான்.

"சார்! உங்க குக்கர் ஏன் ஊமையாவே கீது? வெயிட் போட்டீங்களா?"

வெயிட், பாத்திரக் கூடையில் கவிழ்ந்து உலர்ந்துகொண்டிருந்தது. அவன் அதை வென்டிலேட்டரைப் பார்த்துச் சொன்னான். முன்னறையில் குழந்தை, "வேணாம்ப்பா, விடுங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

அப்போதுதான், பகைவரும் வியக்கும் அந்தப் பேரறிவிப்பு நான்கு போர்ஷன்களையும் அதிரவைத்தது. "ஏ ஞானசௌந்தரி! குக்கரை எறக்கு! யாரும் விசில் வுடாதீங்க! சார் எண்ணட்டும்!" ஞானசௌந்தரி பாதி வெந்த சாம்பார்ப் பருப்பை இறக்கினாள். யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள். வில்பிரட் வெயிட்டை மாட்டி, அடுப்பை மூட்டி, இம்முறை குக்கரின் எதிரிலேயே காவல் நின்றான். அவனுடைய எண்ணிக்கையை இனி நம்புவதற்கில்லை என்பதால், மற்ற மூன்று வாசல்களிலிருந்தும் பெண்கள் சத்தமாக எண்ணினார்கள். ஐந்தாவதற்குக் கைதட்டலும் கேட்டது.

கனகவல்லி வாசல்வரை வந்தாள். உள்ளே வரவில்லை. "முந்திரி தொட்ட கை சார்" என்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நிலைப்படிக்கு வெளியே நின்றே போரை நடத்தினாள். "நெய்யைத் தாராளமா வுடுங்க. மிளகை ஒண்ணும் பாதியுமா தட்டிப் போடுங்க. சீரகம் பொரியட்டும். கறிவேப்பிலைய கிள்ளாதீங்க, உருவிப் போடுங்க." எல்லாம் செய்து அவன் கிளறியபோது எழுந்த மணத்தை முகர்ந்து, சற்றுத் தயங்கி, "முந்திரி இல்லாமலேயும் வாசனை வரத்தான் வருது" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு என்ன பாடு என்பது அந்த வரிசைக்குத் தெரியும்.

பொன்னென உருகிய நெய் விளிம்பில் வழிய, மிளகுப் படை நெருங்கி நிற்க, வாகை சூடிய வேந்தன் கப்பம் செலுத்துவதுபோல் வில்பிரட் மண்டியிட்டுத் தட்டை நீட்ட, வாசலில் கனகவல்லியும் ஞானசௌந்தரியும் கழுத்தை நீட்டி மூச்சடக்கி நிற்க, மூன்று நாள் பட்டினி கிடந்த அச்சிறு கை ஸ்பூனை எடுத்து, வாய்வரை உயர்ந்து, நின்று, பின் உள்ளே சென்றது.

மெட்டில்டா அடிப்பிடித்ததை மட்டும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, மீதியைச் சாப்பிட்டாள்.