ஜனாஸா குரூப்பில் ஓர் ஆடு

ஆடு போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் சிநேகிதர்களின் குரூப் இல்லை, கிண்ணியாப் பள்ளிவாசலில் மரணங்களை அறிவிக்கும் ஜனாஸா வாட்ஸ்அப் குரூப்.

துறைமுக வீதி வலைக்கடையில் நின்ற இன்பாஸுக்குக் கைகால் ஓடவில்லை. அவன் சிநேகிதர் குரூப்பைத்தான் விரலால் அமர்த்தப் போனான். அந்த நேரம் பார்த்து ஒரு மௌத்துச் செய்தி வந்து, ஜனாஸா குரூப் மேலே ஏறி அவன் பெருவிரலுக்கு நேரே நின்றுவிட்டது.

'ஸைனுலாப்தீனின் தம்பி தாஹிர் காலமானார்' என்ற செய்திக்குக் கீழே ஒரு வீடியோவில், யாரோ மறைந்து நின்று பாட, ஒரு கறுத்த ஆடு தலையாட்டியது. முகம் காட்டாத அந்தப் பாடகரை இணையத்தில் கண்டுபிடித்ததில் இன்பாஸுக்கு அப்படியொரு பெருமை. 'இதைப் பார்த்துச் சிரிக்காதவன் மனிசனே இல்லை' என்று வேறு எழுதியிருந்தான்.

ஸைனுலாப்தீன்தான் அவனுக்கு மாமாவாக வரவேண்டியவர். அவருடைய மகள் சுஹைராவைப் பெண் கேட்டுப் போன அன்றே, "போனும் கையுமாத் திரியிறவனுக்கு என்ட புள்ளயக் குடுக்க ஏலாது" என்று சொல்லிவிட்டார். "அதெல்லாம் விட்டுட்டன் மாமா" என்று இவனும் கூசாமல் சொல்லியிருந்தான்.

அழிக்கவா என்று போன் கேட்டது. வாசிக்காமலே அமர்த்திவிட்டு, சிநேகிதன் நிப்றாஸை அழைத்தான்.

"அழிச்சிட்டன். இப்ப இல்லதானே?"

"இரிக்கி. நீ உன்ட போன்ல மட்டும் அழிச்சிரிக்காய்."

"அப்ப வேற ஆரு அழிக்கலாம்?"

"அட்மின்."

"அட்மின் ஆரு?"

"ஸைனுலாப்தீன் மாமாதான். மௌத்துச் செய்தி போடத்தானே அவர் போனே வெச்சிரிக்கார்."

ஆட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் மேலே தள்ளிவிடலாம் என்று நினைத்து, இன்பாஸ் அனுதாபச் செய்திகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டான். நிப்றாஸ் திரும்ப அழைத்தான்.

"என்னடா செய்யிறாய்? நீ போடப் போட, பாக்காதவனும் திறந்து பாக்கிறான்."

இனி நேரே போவதைத் தவிர வழியில்லை. மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு கிண்ணியாப் பாலத்தைக் கடந்தான்.

தாஹிரின் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகளில் ஆண்கள் தலைகுனிந்து இருந்தார்கள். ஸைனுலாப்தீனின் சட்டைப் பையில் போன் தெரிந்தது. இன்பாஸ் அவருக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தான்.

"மாமா, உங்கட போன ஒருக்காத் தாங்க. உம்மாக்குச் சொல்லணும். என்ட போன் செத்துப் போச்சி."

செத்துப்போன போன் அவன் பையில் பலமாக அடித்தது. நிப்றாஸ்தான். ஸைனுலாப்தீன் அவனை மேலும் கீழும் பார்த்தார். ஆனாலும் போனைக் கொடுத்தார்.

ஆட்டைத் தேடிப் பிடித்து, அழிப்பதற்காக அமர்த்தினான். விரல் தவறிப் பட்டு வீடியோ ஓடத் தொடங்கியது. மௌத்து வீட்டு அமைதிக்குள் ஒரு கரகரத்த ஆண் குரல் எட்டுக்கட்டையில் பாடியது. பாட்டில் ஒவ்வோர் அடி முடியும்போதும் ஆடு 'மே' என்றது. நிறுத்த எதை அமர்த்தினாலும் சத்தம்தான் கூடியது.

முற்றமே நிமிர்ந்து பார்த்தது. ஸைனுலாப்தீன் கதிரையை விட்டு எழுந்தார். அவருடைய உதடு துடித்தது.

"ஆரு இத குரூப்ல போட்ட?"

"நான்தான் மாமா." இன்பாஸுக்கு அழுகை வந்துவிட்டது. "விட்டுட்டன் எண்டு சொன்னதும் பொய். மன்னிச்சிருங்க."

 ஸைனுலாப்தீன் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். சுஹைரா இனித் தனக்கு இல்லை என்று இன்பாஸ் முடிவுகட்டி, போனை நீட்டிவிட்டு வாசலுக்குத் திரும்பினான்.

அப்போது கதவுச்சீலைக்கு உள்ளேயிருந்து தாஹிரின் மனைவி ரபீக்காவின் குரல் கேட்டது.

"மச்சான், அந்தப் புள்ளய ஏசாதீங்க. நிக்கிறது எங்கட ஆடு, பாடுறது உங்கட தம்பி. இன்னொருக்காப் போடச் சொல்லுங்க."