ரஷ்யாவரை போன எங்கள் வேலிச் சண்டை

உலகத்திலேயே, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்த ஒரே மனிதர் எங்கள் செட்தட் மாஸ்டர்தான். இதில் மிகையே இல்லை. அரியாலையில் எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகலான சந்தில், அவரால் வாங்கிக் கட்டிக்கொள்ளாத வீடு ஒன்றுகூடக் கிடையாது.

சொந்தப் பெயர் என்று ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் 'ஹீ செட் தட், ஷீ செட் தட்' என்று, ஒருவர் சொன்னதை மற்றவர் எடுத்துச் சொல்லும் ஆங்கில இலக்கணத்தையே உயிராகப் படிப்பித்ததில் அந்தப் பெயர் தேய்ந்து போய்விட்டது. மின்சாரப் பட்டியல் கொண்டுவருகிறவர்கூட வாசல் படலையில் நின்று, "செட்தட் மாஸ்டர் நிக்கிறாரோ?" என்றுதான் கேட்பார்.

ஓய்வு பெற்ற பிறகும் மனுசன் ஓயவில்லை. ஒழுங்கையிலிருந்து ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போன பிள்ளை ஒன்று, அங்கே ஆங்கிலம் படிக்க ஆசைப்பட்ட ஐந்து பேரை மாஸ்டரிடம் பிடித்துக் கொடுத்தது. பின்னேரம் ஐந்தரைக்கு விறாந்தையில் கதிரை போட்டு, கைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து வகுப்பைத் தொடங்குவார். காது கொஞ்சம் மந்தம். அதனால் ரஷ்யர்களின் குரல் ஒழுங்கை முடக்குவரை கேட்கும்.

ரஷ்ய மொழியில், 'களைப்பாக இருக்கிறேன்' என்று ஒருவர் நேற்றுச் சொன்னதை இன்றைக்கும் அதே காலத்திலேயே எடுத்துச் சொல்வார்களாம். ஆங்கிலத்தில் காலத்தை ஒரு படி பின்னுக்குத் தள்ள வேண்டும். அந்த ஒரு படியைத் தள்ள மாஸ்டர் பட்ட பாடு கொஞ்சமல்ல. புத்தகத்து உதாரணங்களைத் தூக்கி எறிந்தார்.

"ஜோன் களைச்சுப் போனானாம், மேரி கடைக்குப் போனாளாம். உப்பில்லாத கூழ்! ஆருக்கு மண்டையிலை ஏறும்?"

சொல்லிவிட்டுக் கொப்பியும் பேனையுமாக ஒழுங்கையில் இறங்கிவிட்டார். அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனியன். யார் என்ன கதைத்தாலும் எழுதினார். கிணற்றடியில் இரண்டு பேர் சண்டை பிடித்தால், "தங்கச்சி, கடைசி வசனம் வடிவாக் கேக்கேல்லை. இன்னொருக்கால் ஏசுங்கோ" என்று கேட்டு எழுதினார். பின்னேரம் அந்த ஏச்சை, ஐந்து பேரில் ஒருத்தியான ஒல்கா என்ற மருத்துவத் தாதி, மிக மரியாதையான ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னாள்.

மீன்காரர் "இப்பதான் வலையிலை இருந்து எடுத்தது" என்று சொன்னதும் பாடமாகியது. செர்கேய் என்ற பஸ் சாரதி, போன கிழமையும் இதே வசனம்தானே வந்தது, இந்த மனிதரை நம்பலாமா என்று கேட்டிருக்கிறான். மாஸ்டர் மறுநாள் காலையே மீன்காரரின் சைக்கிளை மறித்துவிட்டார்.

"தம்பி, ரஷ்யாவிலை உம்மை நம்புகினமில்லை."

மீன்காரருக்கு ரோசம் வந்துவிட்டது. பெட்டியிலிருந்து ஒரு பாரை மீனை எடுத்துச் செவுளைத் திறந்து காட்டினார். "இதைப் படம் எடுத்து அனுப்புங்கோ மாஸ்டர்! செர்கேய் அண்ணை பாத்திட்டுச் சொல்லட்டும்!"

இந்த நிலைமையில்தான் என் தங்கச்சிக்குக் கலியாணம் வந்தது.

அப்பாவுக்கும் அவருடைய ஒரே தங்கையான என் மாமிக்கும் மூன்று வருடமாகப் பேச்சில்லை. இரண்டு வளவுக்கும் நடுவே இருந்த வேலியில், பட்டுப்போன கதியாலுக்குப் பதிலாகப் புதுத் தடி நட்டபோது அது ஒரு சாண் தள்ளிப் போய்விட்டது. யார் பக்கம் தள்ளியது என்று கேட்காதீர்கள், நானும் இந்த ஊரில்தான் சீவிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு அட்டை கொடுத்தால் மட்டும் போதாது. வீட்டுக்குப் போய், வாயால் சொல்ல வேண்டும். சொல்லாத வீட்டுக்குக் கூடப்பிறந்தவர்களும் போக மாட்டார்கள்.

"கூடப் பிறந்தவளுக்குமோ சொல்லுறது? அவளாய் வரட்டும்" என்றார் அப்பா.

நான் ஒளித்துப் போய் மாமியைக் கூப்பிட்டேன். மாமி தேத்தண்ணி தந்தார். "நீ வந்தது சந்தோசம் மோனை. கொப்பர் வந்தவரே?" என்று அப்பாவைத்தான் கேட்டார்.

தங்கச்சி மாமியின் மடியில் வளர்ந்தவள். "மாமி ஆலாத்தி எடுக்காட்டி எனக்கு உந்தக் கலியாணமே வேண்டாம்" என்று குசினிக்குள் இருந்து அழுதாள். அப்பாவுக்கு அது கேட்டது. ஆனாலும் அசையவில்லை.

கலியாணத்துக்கு ஆறு நாள் இருந்தது. அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒழுங்கைப் பக்கத்து வேலியை ஓலையால் அடைத்துக்கொண்டிருந்தார். எதிர் விறாந்தையில் வகுப்பு. அன்று காலை மாஸ்டர் மாமியிடம் எழுதி வந்ததை ஒல்கா ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். அப்பா தபால் கந்தோரில் வேலை செய்தவர், ஆங்கிலம் நன்றாக விளங்கும்.

கலியாணத்துக்கென்று அந்த அம்மா சேலை எடுத்து, சட்டையும் தைத்து வைத்துவிட்டாராம். தினமும் படலையைப் பார்க்கிறாராம். தமையன் வந்து ஒரு சொல் சொன்னால் போதுமாம்.

அப்பாவின் கையில் ஓலை அப்படியே நின்றது.

அடுத்ததாகச் செர்கேயின் குரல் கேட்டது. தமையன் வீடு எவ்வளவு தூரம்?

"பன்னிரண்டு அடி" என்றார் மாஸ்டர்.

பிறகு செர்கேய் மிகுந்த கவலையோடு கேட்டான்: அந்த மனிதருக்குக் கால் வழங்காதா, நடக்க முடியாதா?

அப்பா ஓலையை எறிந்துவிட்டு ஒரே பாய்ச்சலில் விறாந்தைக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன்.

"மாஸ்டர்! என்ரை காலைப் பற்றி ரஷ்யாவிலை என்னத்துக்குக் கதைக்கினம்?"

"அவர் கேக்கிறார். நீங்கள் சொல்லாததை நான் என்னெண்டு சொல்லுறது?" என்று மாஸ்டர் கைபேசியைத் திருப்பினார். ஐந்து ரஷ்ய முகங்கள், மேற்சட்டை இல்லாமல் நின்ற அப்பாவின் கால்களைப் பரிவோடு தேடின.

அப்பா மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டார். "கால் சுகம் எண்டு சொல்லுங்கோ" என்றார் மெதுவாக. பிறகு வீட்டுக்கு வந்து சேட்டைப் போட்டுக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு மாமி வீட்டுப் படலையைத் திறந்தார்.

"தங்கச்சி, பிள்ளைக்குக் கலியாணம். நீதான் முன்னுக்கு நிண்டு செய்யவேணும்."

மாமி அழுதுகொண்டே சிரித்தார். "இதைச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு நாளோ அண்ணை? உள்ளுக்கு வாங்கோ."

மறுநாள் அப்பா தானாகவே மாஸ்டரின் விறாந்தைக்குப் போனார். கைபேசியை வாங்கி, ஐந்து பேருக்கும் தனித்தனியே வாயால் சொன்னார். கலியாணத்தைக் கைபேசியிலாவது கட்டாயம் பார்க்க வேண்டும் என்றார். ஐந்து பேரும் தலையாட்டினார்கள். அப்போது ஒல்கா ஒரு கேள்வி கேட்டாள். மாஸ்டருக்குச் சொல்லியாகிவிட்டதா?

அப்பாவின் முகம் கறுத்துப்போனது. எனக்கும் வெட்கமாக இருந்தது. எதிர்வீட்டு மாஸ்டர்தானே, வருவார்தானே என்று எல்லோரும் விட்டுவிட்டோம். மாஸ்டர் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், பிள்ளையின்ரை கலியாணம். நீங்கள் கட்டாயம் வரவேணும்" என்று அப்பா கைகூப்பினார்.

"ஓம், வாறன்" என்றார் மாஸ்டர். அன்றைக்கு அதற்குமேல் பாடம் நடத்த அவரால் முடியவில்லை.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும், பிள்ளையாருக்கு அடுத்ததாக நாங்கள் போய்ச் சொல்வது மாஸ்டருக்குத்தான்.