அந்தமானுக்கு ஓர் ஒத்திகை

வாசகரே, பயணம் போகிறவர் என்றோர் இனம் உண்டு. போகாதவர் என்றோர் இனமும் உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே, ஒற்றைக் காலை வாசற்படிக்கு வெளியே நீட்டியபடி ஆண்டுக்கணக்கில் நிற்கும் மூன்றாம் இனத்தை இன்று உங்கள் முன் நிறுத்துகிறேன். அவர் பெயர் திட்டப் பயணி.

கொல்கத்தா லேக் கார்டன்ஸில், மூன்றாம் மாடியில், மஹாதேவன் என்னும் வங்கி அதிகாரியின் உருவில் இவ்வினம் வாழ்கிறது. அந்தமானின் எந்தக் கரையில் எந்த நிறப் பவளம் படர்ந்திருக்கிறது, மழைக்காட்டில் எந்தப் பறவை எந்தக் கிளையில் அமரும், அலை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். போயிருக்கிறாரா? ஐயோ, இதென்ன கேள்வி!

ஒத்திகை பாராமல் திட்டப் பயணி எதையும் செய்யமாட்டார். கடலுக்கடியில் மீன் பார்ப்பதற்காகக் குளியலறை வாளிக்குள் கண்ணாடி மாட்டிய முகத்தை அமிழ்த்தி மூச்சுப் பழகுவார். காட்டு அட்டைக்கு அஞ்சி, சட்டைப்பையில் உப்புப் பொட்டலத்துடன் ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் நடை பயில்வார். கிடர்பூரிலிருந்து கப்பலா, டம்டமிலிருந்து விமானமா என்று தமக்குள்ளேயே பட்டிமன்றம் நடத்தி, இரண்டு அணிக்கும் தாமே பேசி, தீர்ப்பை மட்டும் ஒத்திவைப்பார். கீழ்வீட்டு வங்காளி அண்ணன் கோஷ் தாதாவோ, துர்கா பூஜை விடுமுறை வந்ததும் ஒரு பை பொரியும் ஒரு குரங்குக் குல்லாயுமாகக் கிளம்பிப் போய், வெயிலில் கறுத்துத் திரும்பிவிடுவார்.

"அது பயணமா? ஓடிப்போறது!" என்பார் நம்மவர்.

அவர் மனைவி வித்யாலக்ஷ்மிக்கு ஓர் ஆசை. மகள் மதுவந்தி வேலைக்காக ஜெர்மனி புறப்படுமுன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு பவளப்பாறையைப் பார்த்துவிட வேண்டும். இந்தப் பூஜையை விட்டால் பிறகு வாய்ப்பில்லை.

"ஏன்னா, டிக்கெட் போட்டாச்சா?"

"அவசரப்படாதே வித்யா. மொதல்ல ஏர்போர்ட்டுக்கு ஒரு ட்ரையல் போலாம். பந்தல் கூட்டத்துல டாக்ஸி எப்படி நகர்றதுன்னு தெரியாம டிக்கெட் போடறது மடத்தனம்."

"பெட்டியோடயா?"

"பின்னே? கனம் இல்லாம என்ன ட்ரையல்?"

"சரி" என்றார் வித்யாலக்ஷ்மி. இத்தனை எளிதில் அவர் இணங்கியது கண்டு மஹாதேவன் ஐயுற்றிருக்க வேண்டும். ஆனால் ஐயம் அன்றைய திட்டத்தில் இல்லையே!

பூஜையின் பஞ்சமி நாள் காலை. மூவரையும் ஏற்றிக்கொண்ட டாக்ஸி பந்தல்களுக்கிடையே நெளிந்து, வளைந்து, மேளக்காரர்களுக்கு வழிவிட்டு, விமான நிலைய வாசலில் வந்து நின்றது.

"பிரமாதம்! டாக்ஸியைத் திருப்பச் சொல்லு."

"நீங்க வேணும்னா திரும்புங்கோ. நாங்க ப்ளேன் ஏறப்போறோம்."

வித்யாலக்ஷ்மி கைபேசியை நீட்டினார். அதில் மூன்று டிக்கெட்டுகள். மூன்றாவதில் மஹாதேவனின் பெயர்.

"இன்னிக்கேவா? காத்து எந்தப் பக்கம் அடிக்கறதுன்னுகூட நான் இன்னும் பாக்கலையே!"

"அங்கே போய் நேர்லயே பாருங்கோ."

"அப்பா, சோலோ, சோலோ! கிளம்பு!" என்று வங்க மொழியும் கலந்து விரட்டினாள் மதுவந்தி. "ஆதார் கார்டுதான் எப்பவும் உன் கழுத்துப் பையிலயே தொங்கறதே!"

தொங்கிற்று. போனார்.

தீவில் இறங்கி, விடுதி அறையில் பெட்டியைத் திறந்தபோதுதான் திட்டத்தின் ஓட்டை தெரிந்தது. ஒத்திகைக்குக் கனம் வேண்டுமென்று அவரே அடுக்கியிருந்த பழைய செய்தித்தாள்களைத் தவிர, உள்ளே ஒரு கைக்குட்டைகூட இல்லை. மனைவியின் பெட்டியிலோ புடவை முதல் புளிக்காய்ச்சல் வரை எல்லாம் இருந்தன.

மறுநாள், மகளின் மஞ்சள் பூப்போட்ட சட்டைக்குள் தம்மைத் திணித்துக்கொண்டு மஹாதேவன் கடலில் இறங்கினார். பக்கத்தில் வித்யாலக்ஷ்மி, மகளின் கையை இறுகப் பற்றியவாறு நீருக்குள் முகம் அமிழ்த்தி, குழந்தையைப்போல் கூவிக்கொண்டு எழுந்தார்.

"மது! அந்த நீல மீன் என்னையே பாத்துதுடீ!"

மஹாதேவனும் அமிழ்ந்தார். ஊதாவும் செம்மஞ்சளுமாய்ப் பவளக் காடு. வாளிக்குள் இப்படியொன்றை அவர் கண்டதே இல்லை. எழுந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"வித்யா, அடுத்த பூஜைக்கு லட்சத்தீவு. அதுக்கு மொதல்ல ஒரு ட்ரையல்…"

வித்யாலக்ஷ்மி அவர் தலையைப் பிடித்து மறுபடியும் நீருக்குள் அமுக்கினார்.

சிரிக்கிறீர்கள். நன்று. உங்கள் வீட்டுப் பரண்மேலும், எங்கேயோ போவதற்கென்று வாங்கிய பெட்டி ஒன்று இருக்குமே? இறக்கித் திறந்து பாருங்கள். வாங்கிய அன்று கடைக்காரர் திணித்த காகிதம் இன்னும் உள்ளேயே இருந்தால், லேக் கார்டன்ஸ் மூன்றாம் மாடியில் உங்களுக்கு நெருங்கிய உறவினர் ஒருவர் இருக்கிறார்.