கச்சிராயபாளையம் போன கப்பல்

கடலை அதுவரை மூன்று முறைதான் பார்த்திருந்தேன். மூன்று முறையும் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. நீச்சலும் தெரியாது. இந்தத் தகுதிகளோடு, இருபத்தேழாவது வயதில், கடலூர் முதுநகருக்குப் போய் அறை வைத்த பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கினேன். பணம் கொடுத்து வாங்கியிருந்தால்கூட மன்னிக்கலாம். மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்த மோட்டார் சைக்கிளைக் கொடுத்து வாங்கினேன்.

காரணம் கேட்பீர்கள். எங்கள் ஊர் நூலகத்தில் கடல் பயண நூல்கள் இரண்டே இரண்டு இருந்தன. இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்துப் படித்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். கச்சிராயபாளையத்தில் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் கோமுகி அணை. அணையில் தண்ணீர், தலையில் கடல். நடுவில் ஒரு படகு மட்டும்தான் குறை என்று பட்டது. (அனுமதி என்று ஒன்று வாங்க வேண்டும் என்பதே தோன்றவில்லை. கனவு காண்கிறவன் மனுப் போட்டுவிட்டா காண்கிறான்?)

எங்கள் பக்கத்தில் எதை வாங்கப் போனாலும் விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். எனக்குத் தெரிந்த ஒரே விவரஸ்தர் முனுசாமி அண்ணன். மாமனார் ஊரான ரிஷிவந்தியத்துக்காரர், மாட்டுத் தரகர்.

முதுநகரில் உப்பங்கழி ஓரம் இரண்டு கட்டைகளின் மேல் படகு ஏறி உட்கார்ந்திருந்தது. நாலு பேர் உட்காரும் அறை, இரண்டு பக்கமும் வட்டக் கண்ணாடி, படுக்க ஒரு பலகை. நான் தலையை உள்ளே விட்டேன். அறிவு வெளியிலேயே நின்றுகொண்டது.

முனுசாமி அண்ணன் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்பக்கம் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். குனிந்து அடிவயிற்றைத் தடவினார்.

“வயசு இன்னா?” என்று கேட்டார்.

“இருபத்தஞ்சு இருக்கும்” என்றார் படகுக்காரப் பெரியவர்.

“பாத்தா தெர்ல. ஒடம்பு கொஞ்சம் வாடிக்கீது. தண்ணி காட்டுனா தேறிக்கும்.”

பெரியவர் நேர்மையான மனிதர். “ரெண்டு வருசமா கரையில காயுதுங்க. பலகையெல்லாம் சுருங்கிக் கெடக்கு. ஓட்டறதுக்கு முன்னாடி நாலு நாள் தண்ணியில ஊறப் போடுங்க. பலக உப்பி, இடுக்கெல்லாம் தானா மூடிக்கும். அதுவரைக்கும் யாரும் ஏறாதீங்க” என்றார்.

முனுசாமி அண்ணன் என்னைத் தள்ளிக்கொண்டு போனார். “விக்கறவன் எவனும் இப்பிடி ஒரு சாக்கு சொல்லிவெப்பான் தம்பி. நாளைக்கிப் பால் கறக்கலன்னு போய் நின்னா, ‘நான் அப்பவே சொன்னேனே’ம்பான்.”

அது எனக்கு மிகச் சரியாகப் பட்டது.

பிறகு அவர் தோள் துண்டை எடுத்துப் பெரியவரின் கைமேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்தார். மாட்டுச் சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக்கூடாது. பெரியவர் கையை உதறினார். “கைய எதுக்குய்யா அமுக்கற? வண்டியக் குடுக்கறீங்க, படக எடுத்துக்கறீங்க. இதுல ரகசியம் இன்னா இருக்கு?”

அன்று புதன்கிழமை. என் கணக்கு இதுதான்: வரும் ஞாயிற்றுக்கிழமை மாமனார் வருகிறார். இளைய மகளுக்குக் கல்யாணம். ஊர் ஊராகப் போய்ப் பத்திரிகை வைக்க ஒரு வாரத்துக்கு அந்த மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வண்டி சர்வீஸில் இருக்கிறது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். அவரைப் படகில் உட்காரவைத்து, அணையின் நடுவே கல்வராயன் மலையைக் காட்டி, அவர் மெய்மறந்திருக்கும்போது விஷயத்தைச் சொல்லிவிடுவது. அதற்குள் படகு மிதந்தாக வேண்டும்.

கரும்பு லாரி ஒன்றில் படகை ஏற்றினோம். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் சாலையின் குறுக்கே பெரிய புளியமரம் கிடந்தது. இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த காலம். எங்களுக்கு முன்னால் பஸ்கள், லாரிகள், காய்கறி வண்டிகள். அவற்றுக்குப் பின்னால் ஒரு கப்பல்.

இளைஞர் ஒருவர் வந்து அண்ணாந்து பார்த்தார்.

“இன்னா சார் இது?”

“படகு.”

“எங்க போவுது?”

“கச்சிராயபாளையத்துக்கு.”

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு திரும்பி, “டேய், இங்க வாங்கடா. கச்சிராயபாளையத்துக்குக் கப்பல் வுடறாங்களாம்” என்று கூப்பிட்டார். வந்தவர்களில் ஒருவர், “ரோட்டத்தான சார் மறிச்சிக்கினு கீறோம். நீ தண்ணில போயேன்” என்றார்.

நான் விடவில்லை. “ஞாயித்துக்கெழமைக்குள்ள நான் போயே ஆகணுங்க” என்றேன்.

முதலில் வந்தவர் என்னை நிதானமாகப் பார்த்தார். “எங்கப்பாவுக்கு வேல கெடைக்கல. எனக்கும் கெடைக்கல. நீ ஞாயித்துக்கெழமங்கற.”

நான் லாரியில் ஏறிப் படகுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

முனுசாமி அண்ணன் முதல் நாளே, “மாட்டுக்குத் தண்ணி காட்டணும்” என்று சொல்லி வயல் வழியாக நடையைக் கட்டினார். லாரி டிரைவர் லாரிக்கு அடியில் துண்டை விரித்தார். நான் படகை விட்டு நகரவில்லை. சொந்தக் கப்பலை விட்டுப் போகும் கப்பல் தலைவனை நான் படித்ததில்லை. மூன்று நாள் வெயில். மறியல்காரர்கள் அறைக்குள் முறை வைத்து வந்து படுத்து எழுந்தார்கள், சாப்பாட்டில் எனக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள். அவர்களுடைய தலைவர் படகின் முகப்பில் ஏறி நின்றுதான் பேசினார். நன்றாகப் பேசினார். நானும் கைதட்டினேன்.

வெயில் ஏற ஏறப் படகின் அடிப்பகுதிக்குள் பலகைகளுக்கு நடுவே கோடு கோடாக வெளிச்சம் விழுந்தது. அடியில் படுத்துக்கொண்டு அதை ரசித்தேன். (வெளிச்சம் வருகிற வழியில் தண்ணீரும் வரும் என்று ஒரு பட்டதாரிக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை.)

சனிக்கிழமை மாலை மரம் விலகியது. ஞாயிறு காலை அணைக்கரை. மாமனார் ஒன்பது மணி டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வந்து இறங்கினார், வெள்ளை வேட்டியும் பத்திரிகைப் பையுமாக.

நாலு நாள் ஊறப் போடச் சொன்னது அப்போதுதான் உறைத்தது. என்னிடம் நாலு மணி நேரம்கூட இல்லை. ஆனாலும் நான் பின்வாங்குகிற ஆள் இல்லை. பெட்ரோல் டேங்க் ஒழுகினால் பார் சோப்பைத் தேய்த்து அடைப்பது எங்கள் ஊர் டிரைவர்களின் வைத்தியம். கடைக்கு ஓடிப்போய்த் துணி சோப்பு ஒரு பெட்டி வாங்கிவந்து, கண்ணில் பட்ட இடுக்கிலெல்லாம் தேய்த்து அடைத்தேன். கரும்பு வெட்டுகிற ஆட்கள் இருபது பேர் கயிறு கட்டிப் படகைத் தண்ணீருக்குள் இறக்கினார்கள். மிதந்தது.

மாமனாரை வீட்டிலிருந்து கூட்டிவந்த மனைவி மல்லிகா மட்டும் ஏற மறுத்தாள். “நான் கரையில நின்னு பாக்கறேன். நடந்தத எடுத்துச் சொல்ல யாராச்சும் ஒருத்தர் இருக்கணும் இல்ல.”

இன்ஜின் முதல் இழுப்பிலேயே கிளம்பியது. அந்தப் படகில் குறையே இல்லாத ஒரே பாகம் அதுதான். அது அதிர்ந்த அதிர்வில்தான் மிச்சமிருந்த இடுக்குகளும் திறந்துகொண்டன. நூறடி போயிருப்போம். படகைச் சுற்றிலும் வெள்ளை நுரை பூத்தது. வேகத்தில் கிளம்பும் அலை நுரை என்று நினைத்து மாமனாரிடம் பெருமையாகக் காட்டினேன்.

அவர் மோந்து பார்த்தார். “சோப்பு வாசன வருதே மாப்ள.”

அறைக்குள் கணுக்கால் தண்ணீர். பிறகு முழங்கால். இன்ஜின் ஒரு இருமல் இருமி அடங்கியது. நான் கூஜாவால் மொண்டு மொண்டு ஊற்றினேன். மாமனார் பத்திரிகைப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, யாரும் சொல்லாமலேயே அறையின் கூரைமேல் ஏறினார். கடைசியில் நானும் ஏறினேன். படகு அவசரமே இல்லாமல் இறங்கி, சேற்றில் உட்கார்ந்தது. கூரை மட்டும் வெளியே. அதன்மேல் நாங்கள் இருவர், சுற்றிலும் நுரை, எதிரே கல்வராயன் மலை. இடம் நான் திட்டமிட்டதுதான்.

மீன் பிடிக்கிறவர்களின் பரிசல் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. அது வந்து சேர்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது.

“மாமா, வண்டி சர்வீஸ்ல இல்லீங்க.”

“தெரியும்.”

“இதுக்குத்தான் குடுத்தேன்.”

“அதுவும் தெரியும். முனுசாமி வியாழக்கெழமயே வூட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போய்ட்டான். நீங்களா வாயத் தொறக்கறீங்களான்னு பாக்கத்தான் ஏறுனேன்.”

“உங்களுக்கு நீச்சல் தெரியுங்களா மாமா?”

“தெரியாது” என்றார்.

அடுத்த ஒரு வாரம் பத்திரிகை வைக்க நான்தான் அவருக்கு வாகனம். சைக்கிளில் அவரைப் பின்னால் உட்காரவைத்து ரிஷிவந்தியம் சுற்றுவட்டாரம் முழுக்க மிதித்தேன். மேட்டில்கூட அவரை இறங்கச் சொல்லவில்லை, அவரும் இறங்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் பத்திரிகையை நீட்டிவிட்டு, “இவுருதான் பெரிய மாப்ள. கப்பல் வெச்சிக்கிறாரு” என்று அறிமுகப்படுத்தினார்.

பாசனத்துக்குத் தண்ணீர் திறந்து அணை வற்றியதும், மாமனார் டிராக்டர் வைத்துப் படகை இழுத்துத் தன் கொல்லைக்குக் கொண்டுபோனார். அறைக்குள் வைக்கோல் போட்டுக் கோழிகளை அடைத்தார். இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் பெண் கொடுக்கப் போகிறவர்கள், மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னால், கப்பல் ஆசை ஏதும் உண்டா என்று கேட்கிறார்கள்.

வருடம் ஒன்று கழித்து, வண்டி போன வருத்தம் இன்னும் இருக்கிறதா என்று மாமனாரிடம் ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் படகின் வட்டக் கண்ணாடி சன்னலைத் திறந்து உள்ளே கையை விட்டுத் துழாவிக்கொண்டே சொன்னார்:

“மோட்டார் சைக்கிளா இருந்தா பெட்ரோல் ஊத்திக்கினே இருக்கணும் மாப்ள. இது பரவால்ல, முட்ட வெக்குது.”